தாரை வார்த்த முகம்

பத்மாவதி அக்கா அன்றைக்கு அழவில்லை. அழுதிருந்தால் எனக்கும் ஆறுதல் சொல்லத் தெரிந்திருக்கும். மகள் கல்யாண வீடியோவில், தன் உடம்பின்மேல் செத்துப்போன இன்னொருத்தியின் தலை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கிக்கொண்டுவந்து வைத்தார். அவருடைய நாத்தனாருக்குச் சீனி குறைவாக, புருஷனுக்குப் பால் அதிகமாக. அந்த நிலைமையிலும் அளவு தப்பவில்லை. 

எங்களுடையவை பினாங்கில் ஜாலான் பெராக் பக்கத்தில் ஒரே வரிசையில் ஒட்டிய வீடுகள். நடுவில் ஒரு சுவர்தான். நான் கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் மின்சாமான் பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலைக்காரி. ஃபெர்ரியில் போய், பஸ் பிடித்து, மறுபடி அதே வழியாக வந்து சேரும்போது சமைக்க உடம்பில் தெம்பு இருக்காது. பின்கட்டுச் சுவருக்கு மேலே ஒரு மூடி போட்ட கிண்ணம் வந்து நிற்கும். சொதியோ, கத்தரிக்காய்க் குழம்போ, முருங்கைக்கீரை வறையோ. "சந்திரிகா, சூடா இருக்கு, பார்த்து எடு" என்று ஒரு குரல் மட்டும் வரும். அதுதான் பத்மாவதி அக்கா.

அவருடைய புருஷன் ஸ்ரீஸ்கந்தராஜா துறைமுக ஆபீஸில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சிலோன்காரர்களில் படித்த குடும்பம். தெருவில் எல்லாரும் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். முதல் மனைவி யோகேஸ்வரி காய்ச்சலில் போனபோது மகள் அருந்ததிக்கு நடைகூடச் சரியாக வரவில்லை. அடுத்த வருஷமே பத்மாவதி அக்காவைக் கட்டிக்கொண்டுவந்தார்கள். அவருக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அருந்ததிதான் எல்லாம். அது பேச ஆரம்பித்த நாளிலிருந்து இவரை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டியது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது, படிப்புக்கு கோலாலம்பூர் போனபோது பஸ் ஸ்டாண்டில் நின்று கண்ணைத் துடைத்தது எல்லாம் இவர்தான். சாரின் அக்கா வள்ளிநாயகி மட்டும் இருபது வருஷத்துக்கு மேலாக இவரை 'ரெண்டாவதாக வந்தவ' என்பார். அதுவும் காதில் விழுகிற மாதிரி.

தொண்ணூற்றெட்டில் கல்யாணம். தண்ணீர்மலை அடிவாரத்தில் மண்டபம். மாப்பிள்ளை வீடு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம். தாரை வார்க்கும் நேரம் வந்தது. தகப்பன் மகளுடைய கையை மாப்பிள்ளை கையில் வைத்துப் பிடிக்க, தாய் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். ஐயர், "பொண்ணோட தாயார் வாங்கோ" என்றதும் வள்ளிநாயகி முகம் கறுத்தது. ஆனால் அருந்ததியே மணவறையில் உட்கார்ந்தபடி, "அம்மா, வாங்கம்மா" என்று கூப்பிட்டது. பத்மாவதி அக்கா கிளிப்பச்சைப் பட்டில் எழுந்து போய்ச் செம்பை எடுத்தார்.  தண்ணீர் இழை அறாமல் விழுந்தது. நான் இரண்டாவது வரிசையில் நின்று பார்த்தேன். அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

வீடியோ எடுத்தது செபாஸ்டியன். டத்தோ கிராமாட் ரோட்டில் மாடியில் கடை. ஊரில் பாதிக் கல்யாணம் அவன் கேமராவில்தான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, கூடவே இலவசமாக வந்த ஒரு எடிட்டிங் சிடியை வைத்துக்கொண்டு, படத்துக்குமேல் படம் போடப் பழகியிருந்தான். ஓவர்லே என்று பெயர். அந்த வருஷம் பினாங்கில் நடந்த எந்தக் கல்யாண கேசட்டிலும் பூ மழை பெய்யாமல் இருந்ததில்லை.

கேசட் வந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டார்கள். சார், வள்ளிநாயகி, அக்கா, நான். அருந்ததி மாப்பிள்ளையோடு கோலாலம்பூரில். வீசிஆரில் போட்டதும் தங்க எழுத்தில் பெயர்கள், இரண்டு மூலையிலும் எரியும் குத்துவிளக்கு, மேலிருந்து மல்லிகை. வள்ளிநாயகி ஒவ்வொன்றுக்கும் "பாத்தியா, பாத்தியா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு தாரை வந்தது. கிளிப்பச்சைப் பட்டு. செம்பு பிடித்த கை. கழுத்தில் அக்காவுடைய அட்டியல். அதற்குமேல் கறுப்பு வெள்ளையில் யோகேஸ்வரியின் முகம். ஸ்டுடியோவில் எடுத்த பழைய படம். நடுவகிடு, பெரிய பொட்டு, நேரே பார்க்கும் கண். ஓரங்களை மங்கலாக்கி வைத்திருந்தான். உடம்பு இடதுபக்கம் நகர்ந்தால் முகமும் நகர்ந்தது. உடம்பு குனிந்தால் முகம் கீழே இறங்கியது. ஆனால் படத்தில் இருந்தவள் குனியவில்லை. தண்ணீர் கீழே விழ, அவள் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோகம் உயிரோட வந்து நின்ன மாதிரி இருக்கு" என்றார் வள்ளிநாயகி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "லண்டன்ல இருக்கிற நம்ம சனம் பார்த்தா அழுதிடும். பெத்த தாய் இருக்கவேண்டிய இடத்துல பெத்த தாய்."

நான் அக்காவைப் பார்த்தேன். சாரைப் பார்த்தேன். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அக்கா தேத்தண்ணி போட எழுந்து போனது.

மறுநாள் நான் காலை ஷிஃப்ட் முடித்து வந்தபோது அக்கா வாசலில் குடையோடு நின்றார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் மழை விழவில்லை. புழுக்கம் மட்டும். "வா, செபாஸ்டியன் கடைக்குப் போகணும்" என்றார். நான் யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை.

கீழே ஐரீன், செபாஸ்டியன் மனைவி, ஃபிரேம் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மாடியில் ஏர்கான் போட்ட ஒரு பொந்து. செபாஸ்டியன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கக்கா. கேசட் எப்படி?"

"என் தலைய எடுத்துட்டு வேற தலைய வெச்சியே, அது எப்படின்னு சொல்லு" என்றார் அக்கா.

உட்காரப் போனவன் நிமிர்ந்தான். "அக்கா, அது வந்து... மரியாதைக்கு வெச்சதுலா. எங்க சர்ச் கல்யாணத்துலயும் செத்தவங்க படத்த மேகத்துல வைப்போம். ஆசீர்வாதம் பண்ற மாதிரி."

"மேகத்துல வெச்சியா? என் கழுத்துல வெச்ச."

"அக்கா..."

"மாத்து. என் மூஞ்சிய என் ஒடம்புல வை."

செபாஸ்டியன் தலையைச் சொறிந்தான். கம்ப்யூட்டரில் அந்த புரோகிராமைத் திறந்து காட்டினான். திரையின் அடியில் நீளமாக இரண்டு வரிகள். "இங்க பாருங்க. கீழ் வரி கல்யாணம். மேல் வரி ஓவர்லே. இது புதுசாப் பழகுறவங்களுக்கு உள்ள புரோகிராம். மேல ஒரே ஒரு வரிதான் குடுப்பான். நமக்குப் பூ வேணும், வெளக்கு வேணும், பேரு வேணும். என்ன செய்றது? பூவ மேல வெச்சு மொத்தமா ஒரு ஃபைலாக்கணும். அத எடுத்துக் கீழ் வரியில போட்டு, மேல வெளக்கு. மறுபடி ஃபைல். மறுபடி கீழ. அப்படியே பேரு. கடைசியாத்தான் அந்தம்மா படம். ஃபைலாயிட்டா எல்லாம் ஒண்ணோட ஒண்ணா வெந்துடும்க்கா. மேல உள்ளத மட்டும் உரிச்சு எடுக்க முடியாது. ஹார்ட் டிஸ்க்ல எடம் பத்தலன்னு நடுவுல உள்ள ஃபைலெல்லாம் அழிச்சுட்டேன். முதல்ல இருந்து மறுபடி செய்யணும். ரொம்ப சூசாலா, கஷ்டம்."

"ஒடம்பு நகர நகர படமும் நகருதே, அது எப்படி?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அதுதான்க்கா வேல! நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அக்கா மூஞ்சி எங்க போகுதோ அங்கெல்லாம் படத்தக் கொண்டுபோய் வெக்கணும். கொஞ்சம் ஏமாந்தா கீழ தெரிஞ்சிடும்."

"அப்ப என் மூஞ்சி எங்க இருக்குன்னு உனக்கு நல்லாத் தெரியும்" என்றார் அக்கா. "ஒவ்வொரு எடத்துலயும் தேடிப் புடிச்சு மறைச்சிருக்க. மண்டபத்துல உனக்குச் சோறு எடுத்து வெச்சது யாரு? கேமராவக் கீழ வெச்சுட்டுச் சாப்பிடு தம்பின்னு சொன்னது யாரு? அந்த மூஞ்சிதானேடா?"

செபாஸ்டியன் தலை குனிந்தான்.  அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துப் போட்டான். கேமராவில் எடுத்தது எடுத்தபடி, பூவும் இல்லை, விளக்கும் இல்லை. சின்ன டிவியில் மணவறை வந்தது. பத்மாவதி அக்கா செம்போடு குனிந்தார். நெற்றியில் வேர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விழுந்து முடிந்ததும் அருந்ததியை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அதில் இருபது வருஷமும் இருந்தது.

"நிறுத்து" என்றார் அக்கா. படம் நடுங்கிக்கொண்டு நின்றது. கிட்டே போய்ப் பார்த்தார். "இவ்வளவு நல்லாவா இருந்தேன்" என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. திருட்டுக் கொடுத்தவர் திருடன் வீட்டில் தன் நகையைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"யாரு சொல்லிச் செஞ்ச? அருந்ததியா?"

"பாப்பா அப்படிச் சொல்லலக்கா. ஆரம்பத்துல ஒரு தடவ பெத்த அம்மா படத்தக் காட்டுங்கன்னு மட்டும் சொன்னுச்சு."

"அது நியாயம். பெத்தவ. காட்டத்தான் வேணும். நானே மண்டபத்துல அவ படத்துக்குப் பூ போட்டுட்டுத்தான் மேடையேறினேன்." அக்காவின் குரல் அந்த ஓர் இடத்தில் மட்டும் இறங்கியது. "அப்ப யாரு?"

"சாரோட அக்காதான் படம் கொண்டுவந்து குடுத்தாங்க. மூஞ்சி மேல வைன்னாங்க. நான் மேல ஓரத்துல வைக்கலாம்னு சொன்னேன்க்கா, சத்தியமா. அப்புறம் சார் வந்தாரு. வேண்டாம்னு சொல்வாருன்னு பார்த்தேன்."

"சொன்னாரா?"

செபாஸ்டியன் சுவரைப் பார்த்தான். "பக்கத்துல உக்காந்து முழுசும் பார்த்தாரு. உங்க தாடை கொஞ்சம் வெளிய தெரிஞ்சுச்சு. ரெண்டு தாடை தெரியுது, படத்த இன்னும் கொஞ்சம் பெருசாக்குன்னாரு."

அக்கா குடையை எடுத்துக்கொண்டார். படி இறங்கும்போது ஐரீன் ஏதோ சொல்ல வந்தாள். அக்கா நிற்கவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை விரிக்காமலே ரோட்டைக் கடந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் நடுச்சுவருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அக்கா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"ரெண்டு தாடை தெரிஞ்சுதா? ஒங்களுக்கு எத்தன வருஷமா அந்தத் தாடை தெரியுது? சோறு போடும்போது தெரியலயா? ஒங்க ஆத்தாவுக்கு மலம் மூத்திரம் அள்ளும்போது தெரியலயா?"

"கொஞ்சம் மெதுவாப் பேசு. அக்கம்பக்கம் கேக்கும்."

"கேக்கட்டும்! சந்திரிகா, கேக்குதா?"

"கேக்குதுக்கா!" என்றேன் நான் அடுப்படியிலிருந்து. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அது போதவில்லை.

 சார் அந்த ஆபீஸ் குரலில், "எங்க அக்கா வயசானவ. அவ மனசு நோகக்கூடாதுன்னு விட்டுட்டேன். ஒனக்கு என்ன, ஊருக்கே தெரியும் நீதான் வளர்த்தேன்னு" என்றார்.

"ஊருக்குத் தெரியும். லண்டனுக்குத் தெரியாதே. நாளைக்கு அருந்ததிக்குப் பொறக்கப்போற பிள்ளைக்குத் தெரியாதே. 'இவதான் ஊத்தினா'ன்னு அந்தக் கேசட்டச் சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்."

"சரி. நான் போய்ச் சொல்றேன். மாத்தச் சொல்றேன். சம்பந்தி வீட்டுக்காரங்க வரதுக்குள்ள வேற கேசட் வந்துடும். போதுமா?"

"சத்தியமா?"

"அதான் சொல்லிட்டேன்ல."

அந்த வார்த்தையை நம்பித்தான் அக்கா விருந்துக்கு ஏற்பாடு செய்தார். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டுச் சோறு போட்டு, எல்லாருமாக உட்கார்ந்து கேசட் பார்ப்பது அந்த நாளில் ஒரு சடங்காகவே ஆகியிருந்தது. நாங்கள் 'கேசட் விருந்து' என்போம். கேசட் ஓடி முடிந்த பிறகுதான் இலை போடுவார்கள். சனிக்கிழமை விடிந்ததும் நானும் அக்காவும் சௌரஸ்தா பசாருக்குப் போனோம். நண்டை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கனமில்லாததைத் திரும்பப் போட்டார். மீன்காரர் சீனி முகம்மது, "மகளுக்கா? நல்லதா எடுங்க" என்று சொல்ல, அக்கா சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். வரும் வழியில், "கேசட் வந்துடுச்சாம், பீரோல வெச்சிருக்காரு. நான் பார்க்கல. எல்லாரோடயும் சேர்ந்து பார்க்கலாம்னு இருக்கேன்" என்றார்.

ஞாயிறு பதினொரு மணி வாக்கில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து இரண்டு கார். மாப்பிள்ளையின் அப்பா கதிர்காமநாதன், அவர் மனைவி, இன்னும் நாலைந்து பேர். கோலாலம்பூரிலிருந்து அருந்ததியும் மாப்பிள்ளையும். அருந்ததி நேரே அடுப்படிக்கு வந்து, "அம்மா, நண்டா!" என்று அக்காவின் தோளில் முகத்தை வைத்தது. அக்கா கரண்டியில் கொஞ்சம் குழம்பு எடுத்து, ஊதி, அதன் உள்ளங்கையில் விட்டார். அருந்ததி நக்கிவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்றது. அதற்குள் கூடத்திலிருந்து வள்ளிநாயகி, "அருந்ததி, வா. கேசட் போடப்போறம்" என்று கூப்பிட்டார்.

நாங்கள் இருவரும் பாயாசத்தை இறக்கிக்கொண்டிருந்தோம். கூடத்தில் நாதஸ்வரம் கேட்டது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். எந்த மேளத்துக்கு எந்தச் சடங்கு என்று அவருக்குத் தெரியும். "வந்துடுச்சு" என்று கையைத் துடைத்து, முந்தானையைச் சரிசெய்து, முகத்தில் இருந்த வேர்வையையும் ஒற்றிக்கொண்டு கூடத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

திரையில் கிளிப்பச்சைப் பட்டு. அதன்மேல் அந்தக் கறுப்பு வெள்ளை முகம். மாறவே இல்லை. அதே கேசட்.

"இது யாரு?" என்று சம்பந்தியம்மா குழம்பிப்போய்க் கேட்டார். அன்றைக்கு மணவறைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர்.

"அருந்ததியப் பெத்தவ. என் தம்பி பெண்சாதி" என்றார் வள்ளிநாயகி.

அக்கா சாரைப் பார்த்தார். சார் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செபாஸ்டியன் கடைப் பக்கமே அந்த மனுஷன் போகவில்லை என்பது எனக்கு அந்தக் கணத்தில் விளங்கியது. படித்தவராம். கையில் கிடைத்தால் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி உடைத்திருப்பேன்.

அக்கா சத்தம் போடவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே வழி விலக்கிக்கொண்டு நடந்தார். டிவி முன்னால் போய், கூடத்தைப் பார்த்துத் திரும்பி, நின்றார். திரை முழுக்க அவருக்குப் பின்னால் போய்விட்டது. நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

"நல்லாப் பாருங்க" என்றார். "தாரை வார்த்தது இந்த மூஞ்சி."

 வள்ளிநாயகி, "என்ன இது, வந்தவங்க முன்னால!" என்றார். சார், "பத்மா, உக்காரு" என்றார், யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்கிற குரலில். அக்கா அவர்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. அருந்ததியைத்தான் பார்த்தார். 'அம்மா, வாங்கம்மா' என்று மணவறைக்குக் கூப்பிட்ட பிள்ளை. அது ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கே தெரிந்தது, அக்கா அதற்காகத்தான் நிற்கிறார் என்று.

அருந்ததி மாமியாரைப் பார்த்தது. மாமனாரைப் பார்த்தது. காது வரை சிவந்துபோனது.

"சின்னம்மா," என்றது. "தள்ளுங்க. எல்லாரும் பார்க்கிறாங்க."

அந்த வீட்டில் அந்த வார்த்தையை அது சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு ஓடிப்போய் அதன் கன்னத்தில் ஒன்று விடவேண்டும் போல இருந்தது.

அக்காவின் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. ஆனால் கால் நகரவில்லை. "தள்ளமாட்டேன்" என்றார். "இந்த வீட்ல இத்தன வருஷம் தள்ளித் தள்ளித்தான் நின்னேன். இன்னிக்கு நிக்கிறேன். பாருங்க."

நின்றார். பின்னால் கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. அட்சதை விழுந்தது. எல்லாம் சத்தமாக மட்டும் வந்தது. முன்னால் வேர்வையில் நனைந்த ஜாக்கெட்டும், மஞ்சள் ஒட்டிய விரலுமாக ஒரு பெண். வள்ளிநாயகி எழுந்து போய் வீசிஆரை நிறுத்தப் பார்த்தார். சம்பந்தியம்மா, "இருக்கட்டும், விடுங்க" என்று அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அதற்குமேல் யாரும் எழுந்திருக்கவில்லை. கதிர்காமநாதன் இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு, பிரசங்கம் கேட்பவர் மாதிரி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் பார்த்தான். சார் மட்டும் கடைசிவரை காற்றாடியை விடவில்லை.

கேசட் ஓடி முடிந்தது. டக்கென்று ஒரு சத்தம் கேட்டு, அதுவே பின்னால் சுற்ற ஆரம்பித்தது. அப்போதுதான் அக்கா நகர்ந்தார்.

"வாங்க, சாப்பிடலாம். நண்டு ஆறிடும்" என்று சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மா எழுந்து வந்து, அக்காவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அருந்ததி ஓடிவந்தது. கண்ணெல்லாம் தண்ணீர். வாழை இலைக் கட்டை எடுக்கக் குனிந்தது. எப்போதும் இலை போடுவது அதன் வேலைதான். அக்கா கட்டை அதன் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

"நீ போய் உக்காரு" என்றார். "விருந்தாளிய எல போட விடமாட்டோம்."

"அம்மா..." என்றது அருந்ததி.

அக்கா இலையை உதறி, ஈரத்துணியால் துடைத்து, முதல் இலையை அருந்ததிக்குத்தான் போட்டார்.